நொயேமிக்கு ஞானஸ்நானம் வேண்டாம்

என் மகனுக்கு,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நான் கேட்கவில்லை. நேற்றுத்தான் அம்மா உன்னோடு முக்கால் மணி நேரம் கதைத்தாள்; மிலானோவில் நீ என்ன சாப்பிட்டாய், ஆஸ்பத்திரியில் எந்த நர்ஸோடு சண்டை பிடித்தாய் என்பது வரை எனக்குத் தெரியும். நான் கோபத்தில் எழுதுகிறேன். உன்மேல் கொஞ்சக் கோபம், உன் பெரியப்பாமேல் நிறைய, என்மேல் அதைவிட நிறைய. போனில் தொடங்கினால் இரண்டாம் நிமிடத்தில் நீ இத்தாலியனுக்கு மாறுவாய், நான் கத்துவேன், அம்மா வந்து போனைப் பறிப்பாள். அதனால்தான் கடிதம். தமிழில் எழுதினால் நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். மெதுவாகவே வாசி, எனக்கு அவசரமில்லை.

போன கிழமை நீ அனுப்பிய செய்தியை அம்மா எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். "அப்பா, இனிச் சண்டை வேண்டாம். நொயேமி ஓம் எண்டிட்டாள். பெந்தகோஸ்து ஞாயிறு ஞானஸ்நானம், ஆவணியிலை கலியாணம். தண்ணிதானே அப்பா, ரெண்டு நிமிச வேலை. எல்லாருக்கும் நிம்மதி." நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். அது உண்மைதான், நான்தான் கேட்டேன். இப்போது அது வேண்டாம் என்று சொல்லத்தான் இவ்வளவு தாளும் எடுத்துக்கொண்டு குந்தியிருக்கிறேன். என்ன நடந்தது என்று முதலில் இருந்து சொல்கிறேன், நடுவில் குறுக்கிட உனக்கு வழியில்லை.

நத்தார்ப் பண்டிகைக்கு அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தாய். ரோமாபுரிப் பெட்டை, இங்கே பலெர்மோவில் பொலிதேயாமா தியேட்டருக்குப் பின்னால் உள்ள பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், யூதக் குடும்பம் என்றாய். அவள் இடியப்பத்தைக் கையால் பிசைந்து சாப்பிட்டாள், சொதியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள். அம்மாவின் மனம் அன்றைக்கே அவளில் விழுந்துவிட்டது. எனக்கும் பிடித்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த நாள் உன்னைக் கூப்பிட்டு, பெரியப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஞானஸ்நானம் எடுத்தால் கலியாணத்துக்கு வருவன். எடுக்காட்டில் நான் வரமாட்டன், அம்மாவும் வரமாட்டா" என்றேன். அம்மாவை நான் கேட்கவே இல்லை. இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் பெர்மெசோ விசாவுக்காகக் குவெஸ்துராப் பொலிஸ் வாசலில் எத்தனை நாள் நின்றிருப்பேன்! அங்கே என்னைப் பிறந்த இடம் கேட்டார்கள், வேலை கேட்டார்கள், பத்து விரலையும் பதிந்தார்கள். நீ எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. அவன் கேட்காததை நான் என் வீட்டு வாசலில் நின்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன்.

நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று உனக்குத் தெரியும், சின்னதிலிருந்தே சொல்லி வளர்த்தேன். நாங்கள் மன்னார்ச் சனம். வேதத்தை விடமாட்டோம் என்றதற்காக யாழ்ப்பாணத்து ராசாவின் ஆட்கள் எங்கள் ஊரில் வெட்டிப் போட்ட வேதசாட்சிகளின் வழி. ஒல்லாந்தன் வந்து கோவில்களைப் பூட்டியபோது மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் ஓடிய சனம். இதைச் சொல்லும்போதெல்லாம் என் நெஞ்சு நிமிரும், இப்போதும் நிமிர்கிறது. அந்தப் பெருமையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தக் கதையில் எங்களுக்கு என்ன நோவு இருந்தது என்பதை நான் மறந்துவிட்டு, எங்களுக்கு என்ன பெயர் கிடைத்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

இனி என் மூக்கின் கதைக்கு வருகிறேன். தவக்காலத்தில் எங்கள் பங்கு மண்டபத்தில் இயேசுவின் பாடுகளின் நாடகம் போடுகிறோம் அல்லவா? நீ பத்து வயதில் அதில் சேவகனாக நின்று ஈட்டியைக் கீழே போட்டவன். இயேசுவுக்குச் சாவு கேட்கிற யூதத் தலைமைக் குரு கயபா, பதினெட்டு வருசமாக நான்தான். கறுப்பு அங்கி, வெள்ளைத் தாடி, கடதாசியைப் பசையில் ஊறவைத்துச் செய்த வளைந்த மூக்கு. நான் மேடைக்கு வந்தாலே சின்னப் பிள்ளைகள் கூச்சல் போடும், முன் வரிசைக் கிழவிகள் "பாழ்பட்டுப் போவான்" என்று திட்டும். இயேசுவின் இரத்தப்பழி எங்கள் தலையிலும் எங்கள் பிள்ளைகளின் தலையிலும் விழட்டும் என்று கூட்டம் கத்தும் இடத்தில், நான்தான் கையை உயர்த்திக் கத்தத் தொடங்குவேன். இந்த முறை உனக்கு லீவு கிடைக்கவில்லை. நான் நொயேமிக்குப் போன் எடுத்து, "வா பிள்ளை, மாமா நடிக்கிறதைப் பார்" என்று கூப்பிட்டேன். முன் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினேன்.

மகன், நான் அதை வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் இன்னும் கேவலம். அவள் யூதப் பெட்டை என்று தெரிந்துதான் ஞானஸ்நானம் கேட்டேன். அப்படியிருந்தும் மேடையில் நான் காட்டுகிற யூதனும் அவளும் ஒன்று என்று என் மண்டையில் ஏறவில்லை. எங்களுக்கு யூதர் என்றால் நாடகத்தில் வருகிற ஆட்கள், பெரிய வெள்ளி முடிந்தால் அங்கியோடு மடித்துப் பெட்டிக்குள் வைக்கிற ஆட்கள். நாடகம் முடிந்து மீன் றோல் பரிமாறும்போது அவள் என்னிடம் வந்து, நன்றாக நடித்தீர்கள் என்று சொல்லிவிட்டு, "இந்த மூக்கு வைத்தவர் யார், மாமா?" என்று கேட்டாள். நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "யூதன்!" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். றோலைக் கடித்து முழுவதும் சாப்பிட்டு முடித்தாள். அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பிறகு இரண்டு கிழமை அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவுமில்லை, வெட்கம் விடவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவளே போன் எடுத்து, "மாமா, ஒரு இடத்துக்கு என்னோடு வாங்கோ" என்றாள். வுச்சீரியாச் சந்தையில் இருந்து பத்து நிமிட நடை. நம் பங்கு விருந்துக்குக் கிடாரம் வாங்குகிற சட்டிபானைத் தெரு உனக்குத் தெரியும்தானே, அதற்குள் கூட்டிப் போனாள். அங்கே தெருப் பெயர்ப்பலகைகளில் மூன்று விதமான எழுத்து இருக்கும்: இத்தாலியன், பிறகு இரண்டு விளங்காத எழுத்து. நான் வந்த புதிதில் வுச்சீரியாவில் மீன்பெட்டி சுமந்து திரிந்த காலத்தில் இருந்து அந்தச் சந்துகளால் போய்வருகிறேன். அது உல்லாசப் பயணிகளுக்குப் போட்ட அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் பலகைக்குக் கீழே நின்று, ஒன்று அரபு, மற்றது எபிரேயம் என்று காட்டி, எபிரேயத்தை வலமிருந்து இடமாக வாசித்துக் காட்டினாள். "இது எங்கள் ஆட்கள் இருந்த தெரு, மாமா" என்றாள்.

அவள் சொன்னதை நான் உனக்குச் சொல்கிறேன். இதை அவள் உனக்குச் சொல்லியிருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது, நீ கேட்டிருக்கிறாயா என்றும் தெரியாது. ஐந்நூறு வருசத்துக்கு முதல் இந்தத் தெரு முழுக்க யூதக் கொல்லர்கள். பலெர்மோவில் ஆணி வேண்டுமென்றாலும் கலப்பைக்கு இரும்பு வேண்டுமென்றாலும் அவர்களிடம்தான் வரவேண்டும். உடுப்பில் சிவப்பு வட்டம் தைத்துக்கொண்டு நடக்கவேண்டும் என்று சட்டம். துறவிகள் வந்து பிரசங்கம் வைத்தால் கட்டாயம் போய் இருந்து கேட்கவேண்டும். அப்போது சிசிலியையும் ஆண்டது ஸ்பானிய ராசாவும் ராணியும். கத்தோலிக்க அரசர்கள் என்று பாப்பரசரே அவர்களுக்குப் பட்டம் கொடுத்தாராம். ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றிரண்டில் அவர்கள் கட்டளை போட்டார்கள்: ஞானஸ்நானம் எடு, இல்லையென்றால் தீவை விட்டுப் போ. கொல்லர் போனால் எங்கள் பாடு என்னாவது என்று இங்கிருந்த அதிகாரிகளே மன்றாடிப் பார்த்தார்களாம், எடுபடவில்லை. ஆளுக்கு ஒரு உடுப்பு, ஒரு மெத்தை, ஒரு கம்பளி. அதோடு கப்பல் ஏறச் சொன்னார்கள்.

போகாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டவர்களுக்காவது நிம்மதி கிடைத்ததா? கிடைக்கவில்லை. நீ எழுதிய அந்த நிம்மதியைத்தான் சொல்கிறேன், மகன். யூதர் அடுப்பு மூட்டாத சனிக்கிழமையில் புகைக்கூண்டில் புகை வருகிறதா என்று அயலவன் பார்த்தான். பன்றி இறைச்சி வைத்தால் கை தயங்குகிறதா என்று விருந்துக்குக் கூப்பிட்டவன் பார்த்தான். பிறகு, வேதம் தவறினவர்களைத் தண்டிக்கிற விசாரணை மன்றம் வந்தது. தண்ணீர் பட்டவன் கத்தோலிக்கன் என்பதால்தான் அவனைப் பிடித்து விசாரிக்கவே அவர்களுக்கு உரிமை வந்தது. நொயேமியின் குடும்பத்தில் ஒரு கதை வழிவழியாக வருகிறதாம்: இந்தத் தெருவில் இரண்டு சகோதரர், ஒருவன் ரோமாபுரிக்குக் கப்பல் ஏறினான், மற்றவன் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு நின்றுவிட்டான். "போனவன் வழியில் நான் வந்தேன். நின்றவனுடைய பிள்ளைகள் உங்கள் கோவிலில் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடும், அவர்களுக்கே தெரியாது" என்றாள். இதே தீவில், மோதிக்கா என்ற ஊரில், மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று சனம் யூதத் தெருவுக்குள் புகுந்து வெட்டிக் கொன்றதையும் சொன்னாள். ஆவணிப் பதினைந்து. நாங்கள் மடுவுக்கு நடந்து போகிற அதே திருநாள். என் மாதாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு.

அவள் ஒரு உடுப்பு, ஒரு மெத்தை என்று சொன்ன இடத்திலேயே எனக்கு எங்கள் ஊர்க் கடற்கரை ஞாபகம் வந்துவிட்டது. நான் உனக்கு ஒருநாளும் சொல்லாத ஒன்று உண்டு. அம்மாவுக்கும் சொன்னதில்லை. தொண்ணூறாம் ஆண்டு, ஐப்பசி கடைசி. மன்னாரில் முஸ்லிம் சனம் எல்லாம் சில நாளுக்குள் போய்விட வேண்டும் என்று துவக்கு வைத்திருந்தவர்கள் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். துவக்கு வைத்திருந்தவர்கள் எங்கள் பிள்ளைகள், தமிழ் இயக்கப் பிள்ளைகள். றவூப் என்று எனக்கு ஒரு கூட்டாளி, ஒரே வாங்கில் இருந்து படித்தவன், அவன் வீட்டு நோன்புக் கஞ்சியில் பாதி என் வயிற்றுக்குள்தான் போகும். அவன் கடற்கரையில் உம்மாவோடும் தங்கச்சிகளோடும் ஒரு துணி மூட்டையை வைத்துக்கொண்டு கல்பிட்டிக்குப் போகிற வள்ளத்துக்கு நின்றான். நான் ஓடிப்போய் அவனைத் தனியே இழுத்துச் சொன்னேன்: "மச்சான், வா, பங்குச் சுவாமியிட்டைக் கூட்டிக்கொண்டு போறன். வேதத்துக்கு வந்திட்டன் எண்டு சொல்லு. உன்னை விட்டிடுவாங்கள்." உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். இருபது வயது, மடையன். றவூப் மூட்டையைத் தோளில் தூக்கினான். "நீ என்னை இருக்கச் சொல்லேல்லை மச்சான். வேற ஒருத்தனை இருக்கச் சொல்லுறாய்" என்றான். வள்ளத்தில் ஏறினான். நான் கரையில் நின்றேன், எங்கள் சனம் எல்லாரும் நின்றோம். துவக்குக்குப் பயந்து நின்றோம் என்று பிறகு சொல்லிக்கொண்டோம். பயம்தான். ஆனால் ஞானஸ்நானத்தைப் பற்றி அவனிடம் பேச யாரும் எனக்குத் துவக்கு நீட்டவில்லை, அது நானாகவே சொன்னது.

அந்தத் தெருவில் நின்று நான் றவூபை நினைத்துக்கொண்டிருக்க, நொயேமி சொன்னாள்: "நான் ஞானஸ்நானம் எடுக்கிறேன் மாமா. உங்களுக்கும் எனக்கும் நடுவில் உங்கள் மகன் மெலிந்து போகிறான், எனக்குப் பார்க்க முடியவில்லை. நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு கேட்கவேண்டும், அதற்காகத்தான் இங்கே கூட்டிவந்தேன்." தன் அம்மாவுக்குச் சொல்லிவிட்டாளா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றாள், ரோமாபுரியில் இருக்கிற தன் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்கிறேன், சிரிக்காதே. அவள் ஓம் என்ற உடனே எனக்குச் சந்தோசம் வந்தது. அவ்வளவும் கேட்ட பிறகும், றவூபை நினைத்த பிறகும், வென்றுவிட்டேன் என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. வீட்டுக்குப் போகிற வழியிலேயே பெரியப்பாவுக்குப் போன் எடுத்தேன். அவர் குரலில் அப்படி ஒரு ஆனந்தம். "வெண்டிட்டாயடா தம்பி! யூதப் பெட்டையே வேதத்துக்கு வருதெண்டால் சும்மாவே? பூசையிலை அறிவிப்பம். வெள்ளைச் சீலை உடுத்தி முன்னுக்கு நிப்பாட்டிப் படம் எடுத்து ஊருக்கும் அனுப்புவம்." என் சந்தோசம் இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோதுதான் அது என்ன நாற்றம் என்று எனக்குத் தெரிந்தது. பஸ் தரிப்பில் குந்திவிட்டேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் பங்குச் சுவாமியிடம் போனேன். கிழவர், காது மந்தம், ஞானஸ்நானம் இல்லாமல் கலியாணம் முடிக்க வழியுண்டா என்று நான் இரண்டு தரம் கேட்கவேண்டி வந்தது. அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "கலியாணத்துக்கு ஞானஸ்நானம் வேண்டுமென்று யார் சொன்னது? ஆயரிடம் அனுமதி எடுத்தால் அவள் யூதப் பெண்ணாகவே இருந்து உன் மகனைக் கோவிலிலேயே கலியாணம் முடிக்கலாம். வற்புறுத்தலால் வருகிறவளுக்கு நான் தண்ணீர் ஊற்றமாட்டேன், அது பாவம்" என்றார். பார்த்தாயா? திருச்சபை கேட்கவில்லை. நானும் உன் பெரியப்பாவும்தான் கேட்டோம். பாப்பரசரைவிட நாங்கள் இரண்டு பேரும் கூடின கத்தோலிக்கர். பெரியப்பா ஞாயிறன்றே போய்ப் பெந்தகோஸ்துப் பட்டியலில் எழுதுவித்திருந்த அவள் பெயரை அந்த இடத்திலேயே வெட்டச் சொன்னேன். அவர் பேனையை என்னிடமே தந்தார், நானே வெட்டினேன்.

பெரியப்பா வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார். "வேதசாட்சியளின்ரை ஊரிலை பிறந்திட்டு என்ன கதை கதைக்கிறாய்?" என்றார். எனக்கும் குரல் ஏறியது. "அண்ணை, வெட்டுப்பட்டவை எங்கடை ஆக்கள் எண்டுதானே பெருமை? வெட்டினவன் அவையிட்டைக் கேட்டதும் இதைத்தானே! நீ மாறு எண்டுதானே கேட்டவன்? நாங்கள் ஆற்றை பக்கம், வெட்டினவன்ரை பக்கமோ?" அவர் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். இனி நாடகத்துக்கு என்னைக் கூப்பிட மாட்டார்களாம். நான் அதற்கு முதலே அந்த மூக்கைக் குப்பையில் போட்டுவிட்டேன், அம்மா அதன்மேல் மீன் செதிளையும் கொட்டிவிட்டாள். கோவிலில் நாலு பேர் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. கதைக்காமல் இருக்கட்டும். நான் ஞாயிற்றுக்கிழமை அதே வாங்கில்தான் போய் இருக்கிறேன், இன்னும் நிமிர்ந்து இருக்கிறேன்.

நீ நினைக்காதே, அப்பா வேதத்தை விட்டுவிட்டார் என்று. செபமாலை என் சட்டைப் பையில் இருக்கிறது, சாகும்போதும் இருக்கும். நீயும் கோவிலை விடாதே. உன் வீட்டுச் சுவரில் சிலுவையை மாட்டு, அதற்காக யாரிடமும் வெட்கப்படாதே. வெள்ளிக்கிழமை பொழுதுபடும்போது அவள் மெழுகுதிரி கொளுத்தினால் நீ பக்கத்தில் நில், போனை நோண்டிக்கொண்டு நிற்காதே. பிள்ளைகள் பிறந்தால் என்ன செய்வதென்று என்னைக் கேட்கவேண்டாம். நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்து முடிவெடுங்கள், நான் வாயைத் திறந்தால் கதவைக் காட்டுங்கள். ஆனால் "தண்ணிதானே" என்று இன்னொரு தரம் எழுதாதே. உனக்கு அது தண்ணீர். பிறந்த எட்டாம் நாள் உன் தலையில் ஊற்றி, அம்மா துவாயால் துடைத்துவிட்டாள். அவளுக்கு அது அந்தக் கப்பலில் ஏறின அத்தனை பேரையும் ஏன் ஏறினீர்கள் என்று கேட்பது. அவள் உனக்காக ஓம் சொன்னாள். அந்த ஓமை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதி என்றாயே, அதுதான் எனக்கு உன்மேல் கோபம். அவள் இல்லை என்று சொல்ல முடியாத இடத்தில் அவளை நிறுத்தியது நான். அவளோடு சேர்ந்து இல்லை என்று சொல்லியிருக்க வேண்டியவன் நீ.

ஆவணியில் கலியாணத்தை வை. கோவிலில் வைத்தாலும் சரி, நகரசபையில் வைத்தாலும் சரி, மொண்டெல்லோக் கடற்கரையில் மணலுக்குள் வைத்தாலும் சரி. நத்தாருக்கு அடுத்த நாள் நான் சொன்னதைத் திருப்பி எடுக்கிறேன், அதற்குப் பதிலாக இதை வைக்கிறேன்: எங்களுக்குப் பயந்தோ, உன்னில் இரங்கியோ அவள் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதென்றால், அந்தக் கலியாணத்துக்கு நான் வரமாட்டேன். அம்மாவும் வரமாட்டாள், இந்த முறை அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். நொயேமி நொயேமியாகவே வந்தால் எல்லாருக்கும் முதல் நான் வாசலில் நிற்பேன். பெரியப்பா வராவிட்டால் அவருடைய கதிரையையும் இழுத்துப் போட்டு அவளுடைய அம்மாவை என் பக்கத்தில் இருத்துவேன்.

அப்பா